சொல்லித்தராத வாக்கியம்

கனகவல்லி தன் குருவைத் திட்டிக்கொண்டே மாடிப்படி ஏறினாள்.

சைக்கிள் கடைக்கு மேலே பன்னிரண்டு படி. படிக்கு ஒன்றாக வசவு வைத்திருந்தாள். மேலே போய்ச் சேர்ந்தபோது வசவு தீர்ந்து மூச்சிரைப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக வேலை. பதின்மூன்று வருஷம் மிஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோல் தைத்தாள். அப்புறம் ஆறு வருஷமாக சூப்பர்வைசர். நாற்பது பெண்களுக்கு அவள்தான் மேல். ஆனால் சூப்பர்வைசர் லைனில் உட்காரக் கூடாது. அது கம்பெனிச் சட்டம். ஆறு வருஷம் நின்றதில் கெண்டைக்கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகச் சுருண்டு கிடந்தது.

குருவின் பெயர் இருதயசாமி. அவளைவிட இரண்டு வயது சின்னவர். பன்னிரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கப்பலில் பாதிப் பேர் ஸ்பெயின்காரர்கள். அவர்களுக்குச் சோறு போட்டுப் போட்டு அவர்கள் பேச்சு இவருக்கு ஒட்டிக்கொண்டது. சர்க்கரை வியாதி வந்ததும் கரையேறி, மனைவியின் ஊர் என்று இங்கே வந்தார். மனைவி காலமான பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். கனகவல்லிக்குத் தெரிந்து அந்த வட்டாரத்தில் ஸ்பானிஷ் சொல்லித்தர வேறு ஆள் கிடையாது. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்துகொண்டிருந்தாள்.

“சார், இன்னைக்காவது அந்த வாக்கியத்தை சொல்லிக் குடுப்பீங்களா மாட்டீங்களா?”

“எது?”

“இன்னா சார், எதுன்னு கேக்குறீங்க! ‘நான் அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சு போறேன்.’ பத்து வாரமா கேட்டுனு இருக்கேன்.”

“போறீங்களா?”

“எங்க?”

“அஞ்சு மணிக்கு.”

கனகவல்லிக்குச் சுர்ரென்று ஏறியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். கம்பெனி தைக்கிற ஷூவை வாங்குகிறவர்கள் ஸ்பெயினில் இருக்கிறார்கள். வேலைசெய்கிறவர்களைக் கசக்கிப் பிழியாத இடத்தில்தான் வாங்குவோம் என்று அவர்கள் ஊரில் சத்தியம் பண்ணியிருக்கிறார்கள். அதைச் சரிபார்க்க வருஷத்துக்கு ஒரு தரம் ஆள் வரும். அதற்குப் பேர் ஆடிட். போன வருஷம் மெட்ராஸிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் பெண்களிடம் கொஞ்சம் அதிகமாகவே பேச்சுக் கொடுத்துவிட்டார். இந்த வருஷம் மேனேஜர் குலசேகர் முந்திக்கொண்டார். எங்கள் ஆளே ஸ்பானிஷ் பேசுவார், பெண்கள் அவரிடம் கூச்சமில்லாமல் பேசுவார்கள் என்று எழுதிப் போட்டுவிட்டார்.

அப்புறம் கனகவல்லியைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அதில் தமிழில் இருபது வாக்கியம் டைப் அடித்திருந்தது.

“மூணு மாசம் டைம் இருக்கு. இதை மட்டும் அவங்க பாஷையில கத்துக்கிட்டு வா. முடிஞ்சதும் நீதான் வெல்ஃபேர் ஆபீசர்.”

வெல்ஃபேர் ஆபீசருக்குக் கண்ணாடிக் கதவு போட்ட அறை உண்டு. அறைக்குள் ஃபேன், ஃபேனுக்குக் கீழே சுழல் நாற்காலி. கனகவல்லி அந்த நாற்காலியைத்தான் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது ஒருமுறை உள்ளே போய் உட்கார்ந்துகூடப் பார்த்தாள். கால் இரண்டும் அவளுக்கு நன்றி சொன்னது.

தாளை இருதயசாமியிடம் கொடுத்த முதல் நாளே வம்பு ஆரம்பித்துவிட்டது. அவர் ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தார். படித்துவிட்டு நடக்குதா, இல்லையா என்று கேட்டார். கள்ளமில்லாமல் பதில் சொன்னதுதான் அவள் செய்த தப்பு.

“நான் சூப்பர்வைசர்.”

“நடக்குது.”

“எட்டு மணிக்கு வேலைக்கு வருகிறேன்.”

“நடக்குது.”

“ஐந்து மணிக்கு வேலை முடிந்து போகிறேன்.”

“அது... அவங்க கேட்டா சொல்றதுக்கு, சார்.”

“எத்தனை மணிக்குப் போவீங்க?”

“எட்டரைக்குத்தான் உடுவாங்க.”

சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. இப்படியே பதினொரு வாக்கியம் கோடு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்ற வாக்கியத்துக்கு அரைக் கோடு. மாதத்தில் இரண்டு ஞாயிறு மதியத்துக்கு மேல் வேலை உண்டு. மிச்சம் எட்டரை.

“ஏன் சார் அடிச்சீங்க?”

“நடக்காததை நான் சொல்லித் தர்றதில்ல.”

அவ்வளவுதான் விளக்கம். அந்த மனிதருக்கு வார்த்தைக்குப் பஞ்சமோ, அல்லது வாயைத் திறந்தால் சர்க்கரை ஏறிவிடும் என்று யாராவது பயமுறுத்தியிருந்தார்களோ தெரியாது.

கோடு போட்ட இடத்தில் அவர் தன் வாக்கியத்தை எழுதினார். அதை வைத்துத்தான் பாடம் தொடங்கும். அவள் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்பார்: “அ கே ஓரா சாலே?” எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று அர்த்தம். அவள் சொல்ல வேண்டும்: “சால்கோ அ லாஸ் ஓச்சோ இ மேதியா.” எட்டரைக்குக் கிளம்புகிறேன்.

“சத்தமா. இஞ்சின் ரூம்ல இருக்கறவனுக்குக் கேக்கணும்.”

மூன்று தரம் கத்துவாள். கீழே சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான்.

பத்து வாரத்தில் அந்த வாக்கியம் அவள் வாயில் குடியேறிவிட்டது. பல் தேய்க்கும்போது வந்தது, வெங்காயம் நறுக்கும்போது வந்தது. ஐந்துக்கு சிங்கோ என்று எண்களைப் படித்தபோதே தெரிந்துகொண்டாள். எட்டரையை எடுத்துவிட்டு ஐந்தைப் போட்டால் வேலை முடிந்தது. இதற்கு இந்த ஆள் எதற்கு?

போட்டும் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்று, “சால்கோ அ லாஸ்...” என்று ஆரம்பித்தாள். நாக்கு தானாக ஓச்சோவுக்கே போனது. பத்தில் ஏழு தரம் அப்படித்தான். அந்தக் கோபத்தில்தான் இன்றைக்குப் படிக்குப் படி வசவு.

“பிசகுது சார். வாய் எட்டரைக்கே போகுது. நீங்க பழக்கிவிட்டது அப்படி. நாளை மறுநாள் ஆடிட். அந்த ஸ்பெயின் அம்மா முன்னாடி நான் தப்பா சொல்லிட்டா என் கதி இன்னா?”

“தப்பா சொல்லிட்டா நல்லதில்லதான்.”

“கிண்டலா சார்? பத்தொம்பது வருஷம் சார். உக்கார்றதுக்கு ஒரு நாற்காலி கேக்குறேன். ஊரைக் கொள்ளையடிக்கவா கேக்குறேன்?”

இருதயசாமி சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் அன்றைய தேதியை எழுதினார்.

“உங்களுக்கு இன்னா, கப்பல் சம்பாத்தியம். மாடியில உக்காந்துனு நடக்குது நடக்கலன்னு கோடு போடுவீங்க. நான் ஒண்ணு கேக்குறேன், அதுக்காவது பதில் சொல்லுங்க. பொய்ய எழுதினது மேனேஜர். வாயால சொல்லப்போறது லைன்ல இருக்கற பொம்பளைங்க. நான் நடுவுல நின்னு இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் தூக்கிக் குடுக்கறவ. இதுல என் தலையில இன்னா பாவம்?”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது மேஜைமேல் இருந்த கைபேசி அடித்தது. எட்டிப் பார்த்தார்.

“எங்க பெரியக்கா, என்னை வளத்தவ. கடலூர்லேருந்து. நான் சாப்பிட்டாச்சுன்னு சொல்லிடுங்க.”

“நானா?”

“கையில மாவு.” கையில் மாவு எதுவும் இல்லை. சுண்ணாம்புக்கட்டித் தூள்தான் இருந்தது. கைபேசியை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

கனகவல்லி எடுத்தாள். “ஹலோ. நான் அவர்கிட்ட படிக்கறவங்க. சார் சாப்பிட்டுட்டாராம்.”

“அப்படியா கண்ணு?” கிழவியின் குரல் குழைந்தது. “மாத்திரை போட்டுட்டு சாப்பிடலன்னா மயக்கம் வந்துரும் அவனுக்கு. போன மாசம் விழுந்துட்டான். என்ன சாப்பிட்டான்?”

கனகவல்லி இருதயசாமியைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இட்லிங்க.”

“எத்தனை?”

“நாலு.”

“அப்புறம்?”

“அப்புறம்... சட்னி.”

“எதுல அரைச்சான்? மிக்ஸி ரிப்பேர்னு சொன்னானே.”

அவளுக்குக் கழுத்தில் வேர்வை ஊறியது. “கடையில வாங்கினதுங்க.”

“நீ பாத்தியா கண்ணு, அவன் சாப்பிட்டதை?”

மூலையில் ஸ்டவ்மேல் ஒரு கஞ்சிப் பாத்திரம் மூடி போட்டபடி இருந்தது. அதிலிருந்து ஒரு கரண்டிகூட எடுக்கவில்லை என்பது இங்கிருந்தே தெரிந்தது.

“பாத்தேங்க.”

“அது போதும். அவன் சொன்னா நான் நம்ப மாட்டேன். நீ சொல்ற, நம்பறேன். இனி நிம்மதியா இருப்பேன். நீ நல்லா இருக்கணும்.”

கைபேசியை டக்கென்று மேஜைமேல் வைத்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“இன்னா மனுஷன் சார் நீங்க! வயசானவங்க அவ்வளோ அக்கறையாக் கேக்குறாங்க. என்னைப் போயி அவங்ககிட்ட புளுக வெக்கிறீங்களே!”

“பொய் என்னுது,” என்றார் இருதயசாமி. “சாப்பிடாதது நான். உங்களுக்கு ஏன் வேர்க்குது?”

கனகவல்லி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கதவைச் சாத்திய சத்தத்தில் சைக்கிள் கடைக்காரன் மேலே பார்த்தான். அவனுக்கும் ஒரு வசவு வைத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை ஸ்பெயின் அம்மா வந்தாள். பேர் மார்த்தா. ஐம்பது வயது இருக்கும். கட்டைக் கூந்தல், மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு நோட்டு. முதல் நாள் முழுக்க மிஷினையும் தீயணைக்கிற உருளையையும் கழிப்பறையையும் பின்வாசலையும் பார்த்தாள். பேச்சு எல்லாம் மறுநாள்.

மாலை சரியாக ஐந்துக்கு மணி அடித்தது. ஆடிட் நாளில் மட்டும் அடிக்கிற மணி அது.

பெண்கள் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தார்கள். மார்த்தா கேட்டருகே நின்று ஒவ்வொருவருக்கும் தலையசைத்தாள். ஐந்து பஸ் வரிசையாகப் புறப்பட்டது. பார்க்கிறவர்களுக்கு அப்படி ஒரு ஒழுங்கு.

பஸ் எல்லாம் பைபாஸில் நாலு கிலோமீட்டர் போகும். மூடிக் கிடக்கிற ஒரு பெட்ரோல் பங்க் அருகே சுற்றித் திரும்பும். அதற்குள் ஆடிட் ஆள் கிளம்பிப் போயிருக்க, பின்வாசல் வழியாக உள்ளே வரும். ஐந்து நாற்பதுக்கு மறுபடி மிஷினில் உட்கார வேண்டும். அன்றைக்குப் போன நாற்பது நிமிஷத்துக்கும் சேர்த்து ஒன்பது பத்துக்குத்தான் விடுவார்கள். மனுஷர்களை ஏற்றி ஊர்கோலம் காட்டித் திரும்பக் கொண்டுவந்து அடைக்கிற இந்த யோசனை எந்தப் புண்ணியவான் மண்டையில் உதித்ததோ. மூன்று வருஷமாக நடக்கிறது. கனகவல்லி மூன்றாவது பஸ்ஸில் ரிஜிஸ்டரோடு நின்று தலை எண்ணுவாள். அதுவும் அவள் வேலைதான்.

அன்றைக்கு ஜன்னலோரம் பொற்கொடி உட்கார்ந்திருந்தாள். கனகவல்லியின் லைனில் தைக்கிறவள், இருபத்தேழு வயது. அவள் ஊர் அந்தப் பெட்ரோல் பங்குக்கு எதிரேதான். பஸ் வேகம் குறைத்ததும் அவள் எழுந்து நின்றாள்.

“அக்கா! அதோ என் பொண்ணு!”

புளியமரத்தடியில் நாலைந்து பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. அதில் ஒரு குட்டி, ஆறு வயதிருக்கும், கம்பெனி பஸ்ஸை அடையாளம் கண்டுவிட்டது. விளையாட்டை விட்டுவிட்டு ரோட்டோரம் ஓடி வந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது.

பஸ் வளைந்தது. திரும்பியது. பிள்ளை கையைத் தூக்கியபடியே நின்றது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

“உக்காரு பொற்கொடி,” என்றாள் கனகவல்லி. ரிஜிஸ்டரில் நாற்பதும் சரியாக இருந்தது.

மறுநாள் காலை பேச்சு ஆரம்பமானது. வெல்ஃபேர் ஆபீசர் அறையிலேயே வைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே மேனேஜர் குலசேகர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மார்த்தா சுழல் நாற்காலியில், எதிரே ஒவ்வொரு பெண்ணாக. கனகவல்லி நடுவில் நின்றாள்.

பெண்களுக்கு ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் பழக்கம் கொடுத்தாகிவிட்டது. பழக்கியதும் கனகவல்லிதான். எத்தனை மணிக்குப் போவீங்க? அஞ்சு! எல்லாரும் ஒரே குரலில், பள்ளிக்கூடம் மாதிரி.

ஏழு பேர் வந்து போனார்கள். கனகவல்லி ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்துப் பிடித்து வைத்தாள். ஐந்து ஐந்தாகவே வெளியே வந்தது. அவளுக்கே ஆச்சரியம். குரு தோற்றார் என்று நினைத்துக்கொண்டாள். மேனேஜர் கண்ணாடி வழியாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

எட்டாவதாகப் பொற்கொடி.

“அ கே ஓரா சாலே?”

“எத்தனை மணிக்குப் போவே, பொற்கொடி?”

“அஞ்சு மணிக்கு.” முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கனகவல்லி மாற்றிச் சொன்னாள்.

மார்த்தா எழுதவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் பொற்கொடியையே பார்த்தாள். முந்தின ஏழு பேரிடம் கேட்காத ஒன்றைக் கேட்டாள். ரொம்பச் சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரி கேட்கிற மாதிரி.

“இ தெஸ்புயெஸ்?”

அப்புறம்?

தாளில் இல்லாத கேள்வி. ஆனால் கனகவல்லிக்கு அர்த்தம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கடலூர் அக்கா கேட்ட அதே கேள்விதான்.

“அப்புறம் இன்னா பண்ணுவேன்னு கேக்குறாங்க.”

“வீட்டுக்குப் போவேன்.”

“இ தெஸ்புயெஸ்?”

“அப்புறம்?”

“பொண்ணு...” என்று தொடங்கிப் பொற்கொடி நின்றாள். யோசித்தாள். மறைக்க யோசிக்கவில்லை. நிஜமாகவே தெரியாத ஒன்றைத் தேடுகிறவள் மாதிரி யோசித்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

“ஆறு மணிக்கு என் பொண்ணு வீட்ல இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாதுக்கா. நான் போறப்ப தூங்கிடும். நீயே எதாச்சும் சொல்லிடு. நீ சொன்னா நம்புவாங்க.”

மார்த்தா கனகவல்லி பக்கம் திரும்பினாள்.

கனகவல்லிக்குக் கழுத்து நனைந்தது. ஃபேன் தலைக்குமேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது. எதையாவது சொல்லலாம். பாடம் சொல்லித்தருவாள், சமைப்பாள், டிவி பார்ப்பாள். அதற்கெல்லாம் வார்த்தை இருந்தது. நாலு இட்லி, சட்னி. கையைத் தூக்கியபடி ரோட்டோரம் ஒரு பிள்ளை.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மேனேஜர்மேல், பஸ்மேல், இந்த அப்பாவிப் பெண்மேல், ஊர் விட்டு ஊர் வந்து அப்புறம் அப்புறம் என்று கேட்கிற இந்த அம்மாமேல், எல்லார்மேலும். எல்லாவற்றையும்விடத் தன்மேல்.

இஞ்சின் ரூமில் இருக்கிறவனுக்குக் கேட்கிற மாதிரி அவள் சொன்னாள்: “சால்கோ அ லாஸ் ஓச்சோ இ மேதியா.”

மார்த்தா பொற்கொடியைப் பேனாவால் காட்டினாள். இவளா?

கனகவல்லி தலையாட்டி மறுத்தாள். உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்தாள்.

“யோ,” என்றாள். நான்.

கண்ணாடிக்கு வெளியே மேனேஜர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். தன்னைப் பற்றி ஏதோ பெருமையாகச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்.

அன்று மாலையும் ஐந்துக்கு மணி அடித்தது. பஸ் புறப்பட்டது. மார்த்தா முன்வாசலில் தலையசைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பின்வாசலில் போட்டு உட்கார்ந்தாள். பஸ் ஐந்தும் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்து நின்றன.

அடுத்த புதன்கிழமை மாலை கனகவல்லி மாடிப்படி ஏறினாள். இந்தத் தடவை வசவு பன்னிரண்டு படிக்கு அடங்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

இருதயசாமி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“திருப்திதானே சார் உங்களுக்கு?”

“உட்காருங்க.”

“உக்காந்தாச்சு சார், நல்லா உக்காந்தாச்சு! திங்கக்கிழமையிலேருந்து மறுபடியும் மிஷின்ல உக்கார வெச்சிட்டாங்க. ஆறு வருஷம் சூப்பர்வைசரா இருந்தவளை. நாற்காலி கேட்டேன், ஸ்டூல் குடுத்திருக்காங்க. என் லைன்லயே, போன வாரம் வரைக்கும் என்னை அக்கான்னு கூப்பிட்ட பொண்ணு எனக்கு சூப்பர்வைசர். மேனேஜர் போறப்ப வர்றப்ப எல்லாம் என்னைப் பாத்து, ‘ஸ்பானிஷ்காரி’ங்கறான்.”

அவர் ஒரு வாய் கஞ்சி குடித்தார்.

“பொய்யைச் சொல்லத்தான் போனேன் சார். மறைக்கல. ஏழு பேருக்கு நல்லாவே சொன்னேன். எட்டாவதுக்கு வாய் வரல. நீங்க கெடுத்த வாய்.”

“ம்.”

“அந்தப் பொற்கொடி இன்னா சொன்னா தெரியுமா? அன்னையிலேருந்து அஞ்சு மணிக்கு நெஜமாவே உடுறாங்க. பஸ்ஸும் திரும்பறதில்ல. வெளிச்சம் இருக்கவே வீட்டுக்குப் போயிருக்கா. அவ பொண்ணு ஓடி வந்து கேட்டுதாம், ‘ஏம்மா, உனக்கு ஒடம்பு சரியில்லையா?’ன்னு.” கனகவல்லியின் குரல் உடைந்தது. உடைந்த குரலிலும் கோபம் குறையவில்லை. “பெத்தவ பொழுதோட வீட்டுக்கு வந்தா நோவான்னு கேக்குது சார் ஒரு கொழந்தை! ஆறு வயசுக்கு அதுக்கு அப்படித் தெரிஞ்சிருக்குது! அதைப் பெத்தவளுக்கு அஞ்சு மணி அஞ்சு மணின்னு பாட்டுப் பழக்கிவிட்டவ நான்.”

அவர் பாத்திரத்தை வைத்தார்.

“எங்க அக்கா நாளைக்கு வர்றா,” என்றார். “அன்னைக்கு நான் சாப்பிடலன்னு சொல்லிட்டேன். அரை மணி நேரம் திட்டினா. உங்களுக்கும் சேத்து.”

“திட்டட்டும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா இது எத்தனை நாளைக்கு சார்? அந்த அம்மா காயிதம் வர்ற வரைக்கும் பயப்படுவானுங்க. அப்பால மறுபடியும் எட்டரைதான். எனக்குத் தெரியாதா இவனுங்களை? நான் மிஷின்ல குந்தினதுதான் மிச்சம். இதுக்கா மூணு மாசம் கத்த வெச்சீங்க? பதில் சொல்லுங்க சார். எப்பப் பாரு ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்துனு!”

இருதயசாமி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாக வெயில் இன்னும் மேஜைமேல் கிடந்தது. ஞாயிறு காலையில் தவிர அந்த அறையை அவள் பார்த்ததே இல்லை. வெயில் இந்தப் பக்கமாக வரும் என்பதே அவளுக்குத் தெரியாது.

“இன்னைக்கு என்ன கிழமை?” என்றார்.

“புதன்.”

“அ கே ஓரா சாலே?”

வாய் பழக்கத்தில் திறந்தது. “சால்கோ அ லாஸ் ஓச்...”

பாதியில் நின்றாள். கீழே யாரோ சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

அவர் மேஜை டிராயரைத் திறந்தார். மேனேஜர் டைப் அடித்துக் கொடுத்த தாள் அதில் இருந்தது, சிவப்புக் கோடுகளோடு. அதை அவள் முன்னால் விரித்து வைத்து, கோடு போட்ட வாக்கியங்களில் முதலாவதான ஐந்து மணி வாக்கியத்தின்மேல் விரலை வைத்தார்.

“இன்னைக்கு இதைப் படிக்கலாம்,” என்றார். “சத்தமா சொல்லுங்க.”